அந்த ஒரு ‘இன்னும்’

போஸ்ட்கிரெஸ் குப்பை சேர்க்கிற டேட்டாபேஸ் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. எட்டு வருடம் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸைப் பார்த்தவன் நான். அங்கே ஒரு பதிவை மாற்றினால் மாறிவிடும், நீக்கினால் போய்விடும். அதற்கப்புறம் பின்னாலேயே போய்க் கூட்டிப் பெருக்குகிற வேலை என் தலையில் விழுந்ததே இல்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சேர்ந்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது போஸ்ட்கிரெஸ். முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சர்வர் ரூம் சாவி, இரண்டு பாஸ்வேர்டு, ஒரு பக்கக் குறிப்பு. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். குறிப்பின் கடைசி வரி, ‘ரொம்ப ஸ்லோவானால் ரீஸ்டார்ட் செய்யவும்.’ குப்பை என்ற பேச்சை நான் நிறுத்திப் பல மாதம் ஆகிறது. ஆனால் அந்தப் பேச்சு நின்ற அன்று எனக்கு என்ன புரிந்தது என்பதை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. சொல்லப் போனால் செட்டிங், அளவு என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

நடுவில் கோடு போட்ட நோட்டு

புது டேட்டாபேஸைப் படிக்க நான் எடுத்த வழி, பலரும் எடுக்கிற வழிதான். ஒரு நோட்டை வாங்கி, பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இடது பக்கம் மைஎஸ்க்யூஎல்லில் நான் செய்வது, வலது பக்கம் அதற்கு இங்கே என்ன என்பது. அங்கே ‘ஷோ டேபிள்ஸ்’ என்றால் இங்கே பேக்ஸ்லாஷ் டிடி. அங்கே போர்ட் 3306, இங்கே 5432. தினமும் நாலைந்து வரி ஏறும். பக்கம் நிறைய நிறைய, இந்தச் சிஸ்டம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையும் ஏறியது.

முதல் நாளே ஒரு தடுமாற்றம். பாஸ்வேர்டு கையில் இருக்கிறது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. ‘பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்ற ஒரே வரியோடு அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் அது என் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை. சர்வருக்குள்ளிருந்தே நுழைகிறவனிடம், நீ லினக்ஸில் எந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கிறாய் என்பதை மட்டும் பார்க்கிறது. எந்த வழியாக வருகிறவரை எப்படி விசாரிக்க வேண்டும் என்பது பிஜி_எச்பிஏ என்ற ஃபைலில் இருக்கிறது. மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துகிற வரியே செல்லும். இதையும் நோட்டில் ஏற்றினேன். பெயரில் ‘லாக்’ இருப்பதையெல்லாம் பழைய லாக்தானே என்று அழித்துவிடக் கூடாது என்பதையும் ஏற்றினேன். டேட்டாபேஸின் உயிரே இருக்கிற ஒரு ஃபோல்டருக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். இடம் பிடிக்கிறதே என்று அதைக் காலி செய்து, டேட்டாவையே தொலைத்தவர்கள் உண்டு. 2017-ல் வந்த 10-வது பதிப்பில் அந்தப் பெயரைப் பிஜி_வால் என்று மாற்றினார்கள். பெயர் ஒன்றே ஆளைக் கவிழ்த்துவிடும் என்று அதைச் செய்தவர்களே உணர்ந்து மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதத்தில் நோட்டு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ஒரே ஒரு வரியில் மட்டும் இடது பக்கம் காலி. வலது பக்கம் ‘வேக்யூம்’ என்று எழுதியிருந்தேன், அதாவது பழைய பதிவுகளைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. இதற்கு அங்கே என்ன? எதுவும் தோன்றவில்லை. பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘தானாக ஓடும், கவலை வேண்டாம்’ என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். அதில் தப்பு இல்லை. 2008-ல் வந்த 8.3 பதிப்பிலிருந்து ஆட்டோவேக்யூம் கேட்காமலேயே ஆன் ஆகியிருக்கிறது. டேபிளில் ஐந்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் ஐம்பது பதிவும் மாறினால் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போகும். அதனால் அந்தக் காலி இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

நகராத போர்டு

எங்கள் தையல் பிரிவில் 640 மெஷின். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி. ஓவர்லாக், பிளாட்லாக் எதுவாக இருந்தாலும் பத்து விநாடிக்கு ஒருமுறை தன் நிலையை அனுப்பும்: இன்று எத்தனை பீஸ், ஓடுகிறதா, நிற்கிறதா. அது போய் விழுகிற டேபிளில் மொத்தமே 640 பதிவுதான், மெஷினுக்கு ஒன்று. புதுப் பதிவு சேர்வதே கிடையாது, இருப்பதையே மாற்றிக்கொண்டிருக்கும். லைனுக்கு மேலே தொங்குகிற டிவி போர்டு அந்த டேபிளைப் பார்த்து எண்ணைக் காட்டும்.

ஒரு வியாழக்கிழமை லைன் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “தம்பி, போர்டுல நம்பரு நகரவே மாட்டேங்குதுங்க. ஆளுக தைச்சுட்டேதான் இருக்காங்க.” போய்ப் பார்த்தேன். எண் நிற்கவில்லை, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தாவிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் மாறும். அவருக்கு அது விளையாட்டு விஷயம் இல்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆளை இங்கிருந்து அங்கே மாற்றுவார். சனிக்கிழமை ஷிப்மென்ட் வேறு. “பார்த்துடறேங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வந்து அந்த டேபிளின் அளவைக் கேட்டேன். 3.4 ஜிபி என்றது. இரண்டாம் முறை கேட்டேன், அதே பதில். அறுநூற்று நாற்பது பதிவு, எல்லாம் சேர்ந்தாலும் நூறு கேபி தாண்டாது. அது மூன்று ஜிபிக்கு மேல் ஊதிக் கிடந்தது.

காரணத்தின் பாதி எனக்குத் தெரியும். போஸ்ட்கிரெஸில் ‘அப்டேட்’ என்றால் பழைய பதிவின் மேல் எழுதுவது கிடையாது. புதிதாக ஒன்றை எழுதிவிட்டு, பழையதை இனி செல்லாது என்று குறித்து அங்கேயே விட்டுவிடும். 640 மெஷின், நிமிஷத்துக்கு ஆறு முறை. நிமிஷத்துக்கு 3,840 பழைய பதிவு மிஞ்சும். நாங்கள் ஓட்டுவது ஒண்ணரை ஷிப்ட், 12 மணி நேரம். ஒரு நாளைக்கு 27 லட்சத்துக்கு மேல். இதை அள்ளிப் போகத்தான் ஆட்டோவேக்யூம். அப்படியானால் அது ஓடவில்லை, அல்லது போதுமான வேகத்தில் ஓடவில்லை. நான் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் நான் செய்ததெல்லாம் அந்த முடிவை நம்பிச் செய்தது. அந்த டேபிளுக்கு மட்டும் வேக்யூம் இன்னும் சீக்கிரம் கிளம்பும்படி அளவைக் குறைத்தேன். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேக்யூம் நடுநடுவே கொஞ்சம் ஓய்வு எடுக்கும், அந்த ஓய்வையும் எடுத்துவிட்டேன். டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் வேக்யூம் ஓடியது, மூன்று ஜிபியையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தது, வெறுங்கையோடு திரும்பியது. போர்டு இன்னும் மோசமானது. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போகும்போது மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ஒரு எண்ணை மாற்றினால் மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே, பழையதை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறது?

ரீஸ்டார்ட் செய்திருக்கலாம். குறிப்பிலும் அதுதான் எழுதியிருந்தது. ஷிப்மென்ட் போகும்வரை பேக்கிங் ஸ்கேனர் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்றதால், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அன்றைக்கே செய்திருந்தால் பிரச்சினை நிச்சயம் தீர்ந்திருக்கும். ஆனால் ஏன் தீர்ந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. முன்பு இருந்தவருக்கும் அப்படித்தான் தீர்ந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அந்தக் கடைசி வரி வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

சனிக்கிழமை, பதினோரு மணி டீ

டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. வேக்யூமை என் கையாலேயே ஓட்டி, என்ன செய்தாய் என்று விரிவாகச் சொல்லச் சொன்னேன். முந்தின நாளும் மூன்று முறை இதைச் செய்திருந்தேன். அதே பதில்தான் வந்தது. அதில் ஒரு வரி: சுமார் 3.1 கோடி பதிவுகள் இறந்தவை, ஆனால் இன்னும் அகற்ற முடியாதவை. பக்கத்திலேயே ‘ஓல்டஸ்ட் எக்ஸ்மின்’ என்று ஓர் எண்.

மூன்று முறை பார்த்தும் அந்த வரியில் நான் படித்தது கோடிக்கணக்கையும் ‘முடியாதவை’யையும்தான். ‘இன்னும்’ என்ற வார்த்தையை அப்போதுதான் பார்த்தேன். அகற்றத் தெரியவில்லை என்று அது சொல்லவில்லை, நேரம் போதவில்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் முடியாது என்கிறது. அப்படியென்றால் எதற்கோ காத்திருக்கிறது. மேலே நகர்த்தி முந்தின நாள் பதில்களைப் பார்த்தேன். இறந்தவற்றின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஏறியிருந்தது. அந்த எக்ஸ்மின் எண் மட்டும் மூன்றிலும் ஒன்றுபோல் இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து இதுவரை முப்பது லட்சம் மாற்றங்களாவது நடந்திருக்கும். அந்த எண் ஓர் அடிகூட நகரவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசை எண் கொடுக்கிறது. இந்த எண்ணுக்கு முந்தைய உலகத்தை இன்னும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அந்த ‘ஓல்டஸ்ட் எக்ஸ்மின்’ சொல்கிற சேதி. இரண்டு நாளாக வீங்கின டேபிளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுகிற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து, யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்ற வரிசையில் அடுக்கினேன். மேலே வந்தது ஒரே ஒரு வரி. நிலை: ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’. ஒரு டிரான்ஸாக்ஷனை, அதாவது தொடங்கினால் முடித்தாக வேண்டிய ஒரு வேலையை, திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது என்று பொருள். எக்ஸ்மின் கட்டத்தில் அதே எண். ஆரம்பித்த நேரம், போன வாரம் திங்கட்கிழமை காலை 8:41. பதின்மூன்றாவது நாள். எங்கிருந்து என்ற கட்டம் காலி, அதாவது சர்வருக்குள்ளிருந்தே. யூசர் பெயர் என்னுடையது.

சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. கட்டிங், தையல், பேக்கிங் மூன்றின் கணக்கும் ஒத்து வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்திருந்தேன். ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் இன்னொன்று மாறிவிடுகிறதே என்று, ‘ரிப்பீட்டபிள் ரீட்’ முறையில் ஒரு டிரான்ஸாக்ஷனைத் தொடங்கினேன். அதைத் தொடங்கிவிட்டால் முதல் கேள்வி கேட்ட நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ, முடிக்கும்வரை அப்படியேதான் தெரியும். மைஎஸ்க்யூஎல்லில் சொல்லாமலே இருக்கிற முறை இதுதான். போஸ்ட்கிரெஸில் நாமாகக் கேட்டால்தான் உண்டு. இதையும் நோட்டில் எழுதியிருந்தேன், இடது வலது இரண்டும் சரியாக. பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது பண்டில் ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டர் சிக்கிக்கொண்டது என்று கட்டிங்கிலிருந்து ஆள் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன். என் லேப்டாப்தான் மூடியது. நாம் வெளியே போனாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கிற டிமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் திறந்திருந்த அந்த ஜன்னல் மூடவில்லை.

அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டேன். கடைசியாகக் கேட்ட எண்ணிக்கையின் பதில் அப்படியே இருந்தது. கீழே கர்சர், அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. டிரான்ஸாக்ஷன் முடியவில்லை என்பதற்கு அடையாளம் அந்தக் குட்டி நட்சத்திரம்தான். உடனே மூடியிருக்கலாம். கை வரவில்லை. மெஷின்களின் டேபிளை அங்கேயிருந்தே ஒருமுறை கேட்டேன். நாற்பது விநாடி யோசித்தது. அப்புறம் 640 பதிவும் வந்து விழுந்தன.

எல்லாவற்றிலும் போன வாரம் திங்கட்கிழமை. கடைசியாகச் சேதி வந்த நேரம் 8:41, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில விநாடிதான் வித்தியாசம். ஷிப்ட் தொடங்கிப் பதினொரு நிமிஷம். 214-ஆம் மெஷினில் 9 பீஸ். 215-இல் 11. 216 நிற்கிறது, இன்னும் ஆள் வரவில்லை போல. வெளியே அந்தப் பன்னிரண்டு வேலை நாளில் எத்தனையோ ஆயிரம் பீஸ் தைத்து, அயர்ன் பண்ணி, பெட்டி கட்டி முடித்தாகிவிட்டது. உள்ளே அந்தக் காலை அப்படியே இருந்தது, ஓர் எண் கலையாமல். முடிக்கும்வரை மாறாமல் காட்டு என்று நான் கேட்டிருந்தேன். நான் முடிக்கவில்லை. அது காட்டிக்கொண்டிருந்தது. போர்டு திணறியபோதும், டிஸ்க் முனகியபோதும், நானே வேக்யூமை அதன் மேல் ஏவிவிட்டபோதும், எனக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அது நகரவில்லை.

‘கமிட்’ என்று அடித்தேன். நட்சத்திரம் போய்விட்டது. அடுத்த நிமிஷம் வந்த வேக்யூம் 3.1 கோடியையும் அள்ளிக்கொண்டு போனது. நான் போய்ப் பார்ப்பதற்குள் சூப்பர்வைசரே கூப்பிட்டார். “சரியாயிடுச்சுங்க தம்பி. என்ன பண்ணுனீங்க?” ஒரு வேலையை முடிக்காமல் திறந்து வைத்துவிட்டேன், இப்போது முடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

பழையதை வைத்திருக்கிற பழக்கம்

அதற்கப்புறம்தான் இந்தச் சிஸ்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1986-ல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி இது. பழைய பதிவின் மேல் எழுதக் கூடாது என்பது அப்போதே போட்ட அஸ்திவாரம். போன மாதம் இந்தச் சம்பளம் என்னவாக இருந்தது என்று கடந்த காலத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வசதி அதில் இருந்தது. வேக்யூமுக்கும் அப்போது தூக்கிப் போடுகிற வேலை கிடையாது. பழையதை எடுத்துப் போய் நிரந்தர ஆவணக் கிடங்கில் சேர்ப்பதுதான் அதன் வேலை. கடந்த காலத்தைக் கேட்கிற வசதியைப் பின்னால் 6.2 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆனால் பழையதை உடனே அழிக்காத பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பழக்கத்தால்தான் இன்று ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் காத்திருக்காமல் படிக்க முடிகிறது. நான் குப்பை என்று சொன்னது அதைத்தான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கிற பகுதியான இன்னோடிபியும் பழையதை வைத்துக்கொள்ளத்தான் செய்கிறது. டேபிளுக்குள் வைக்காமல், அண்டூ என்று தனியாக ஓர் இடத்தில். இதே ஜன்னலை அங்கே பதின்மூன்று நாள் திறந்து வைத்திருந்தால் அந்த இடம் வீங்கியிருக்கும். எட்டு வருடம் அங்கே இருந்தும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. என் நோட்டில் இடது பக்கம் காலியாக இருந்ததற்குக் காரணம், அங்கே ஒன்றும் இல்லாததல்ல. எனக்குத் தெரியாதது.

போஸ்ட்கிரெஸின் அந்த வரிசை எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அது 32 பிட் எண். இருநூறு கோடிச் சொச்சத்துக்கு மேல் பின்னோக்கிப் பார்க்க முடியாது. அதனால் பழைய பதிவுகளை அவ்வப்போது உறைய வைக்க வேண்டும், அதாவது எண்ணைப் பார்க்காமலே செல்லும் என்று குறித்து வைக்க வேண்டும், அதுவும் வேக்யூமின் வேலைதான். எங்கள் மெஷின்கள் மட்டுமே ஒரு நாளைக்கு 27 லட்சம் எண்ணைத் தின்றுவிடும். என் ஜன்னல் அதையும் சேர்த்துத்தான் தடுத்துக்கொண்டிருந்தது. எல்லை நெருங்கினால் போஸ்ட்கிரெஸ் டேட்டாவைக் காப்பாற்றப் புதிதாக எழுதவே மறுத்துவிடும். நாங்கள் அதற்கு வெகு தொலைவில்தான் இருந்தோம். ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்றிருந்தபோது ‘வேக்யூம் ஃபுல்’ போட்டேன். சாதாரண வேக்யூம் உள்ளே இடத்தைக் காலி செய்யும், ஆனால் அதைப் பெரும்பாலும் டிஸ்குக்குத் திருப்பித் தராது. ஃபுல் என்றால் டேபிளையே புதிதாக எழுதும், அதுவரை யாரும் அதைத் தொட முடியாது. ஷிப்ட் நேரத்தில் நினைத்துப் பார்க்கவே கூடாது. வேக்யூமுக்கு நான் வைத்திருந்த செட்டிங்குகளைப் பழையபடி ஆக்கினேன். டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் பத்து நிமிஷத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்படி ஒரு நேர வரம்பு வைத்தேன். 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி இது. யாரும் வைக்கச் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

ஃபுல் போட்டு முடித்ததும் டேபிள் நூறு கேபிக்கும் கீழே இறங்கியது. திங்கட்கிழமை காலை முழுவதும் ஒரு எம்பிக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் பார்த்தால் 17 எம்பி. வயிற்றைக் கலக்கியது. உடனே யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தேன். இந்த முறை நான் இல்லை, பேக்கப். நான் சீட்டில் இருக்கிற நேரமாக இருக்கட்டும் என்று பிஜி_டம்ப்பை மதியம் 1 மணிக்கு வைத்திருந்தேன். எல்லா டேபிளும் ஒரே நொடியில் இருந்தபடி கிடைக்க வேண்டும் என்று, அதுவும் ஓடுகிற 35 நிமிஷத்துக்கு அதே உறைந்த பார்வையைக் கேட்கிறது. பழைய கண்காணிப்புப் பதிவுகளைப் புரட்டினால், அந்த டேபிள் எப்போதுமே 17 எம்பியாகத்தான் இருந்திருக்கிறது. நல்லபடியாக இருக்கிற அளவே அதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேக்கப்பை மெஷின்கள் நிற்கிற ராத்திரி 1 மணிக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு இன்னொரு முறை ஃபுல். அதிலிருந்து காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: உள்ளே இருப்பவர்களில் யார் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? டேபிளின் அளவைக் கேட்பது அதற்கப்புறம்தான். இன்று காலை நீண்ட டிரான்ஸாக்ஷன் நான்கு விநாடி. டேபிள் 0.9 எம்பி.